சுடலைமுத்து அண்ணாச்சி தேய்த்த விசை

சுடலைமுத்து அண்ணாச்சிக்குப் பிழைப்பு தையல் மெஷின் ரிப்பேர். சாயங்காலமானால் ரைஃபிள் கிளப்பில் ஏர் பிஸ்டல் சுடுவார். பத்துக்கு நாலு குறி தப்பும். வாய் மட்டும் ஒருநாளும் தப்பாது.

மறுநாள் மாவட்ட ஜூனியர் டீமுக்கு ஆள் எடுக்கும் தேர்வு. அதே கிளப்பில் சுடும் ஜெசிந்தா தன் பிஸ்டல் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தாள். விசையை அழுத்தினால் பாதியில் கரகரவென்று சிக்குகிறது. போன வருஷம் அந்தச் சிக்கலால்தான் ஒரே பாயின்டில் டீமில் இடம் போச்சு. இந்த வருஷமும் விட்டால் ஜூனியர் வயசு தாண்டிவிடும்.

“கொண்டா தாயி, ஒரு மணி நேரத்துல தேய்ச்சு வழுவழுன்னு ஆக்கித் தாரேன்” என்றார் அண்ணாச்சி.

“கம்பெனிக்காரன் பூட்டினதை நோண்டுனா வம்பு, அண்ணாச்சி. நாளைக்கு விசையில அரைக்கிலோ எடையைத் தொங்கவிட்டுப் பார்ப்பாங்க. அதைத் தாங்காம விசை லேசா விழுந்துட்டா வெளியே போன்னுருவாங்க.”

“அடப் போம்மா! என் பிஸ்டலை நான் தேய்ச்ச தேய்ப்புக்கு, விரலே வேண்டாம். விரல் கிட்ட போனாலே போதும், அந்தச் சூட்டுக்கே சுட்டுப்போடும். பத்துக்குப் பத்து!”

கிளப் செயலாளர் பர்னாந்து டீக்கிளாஸைக் கீழே வைத்தார். “வே, கொஞ்சம் குறைச்சு அளந்துவிடும்.”

“நீரு சும்மா இரும்வே! போன மாசம் பக்கத்துல ஒருத்தன் தும்மினான். என் பிஸ்டல் சுட்டுச்சு, பத்து. அவன் மன்னிச்சுக்கிடுங்கன்னான். அதுக்கும் ஒரு பத்து!”

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் கை தன் பெட்டியைக் கொஞ்சம் அவர் பக்கம் தள்ளியது. ஆசை யாரை விட்டது?

அண்ணாச்சிக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. “இன்னும் கேளு. ஒருநாள் வீட்ல இட்லி தின்னுக்கிட்டே, இன்னைக்குச் சுடணுமேன்னு நினைச்சேன், அவ்வளவுதான். இங்கே பூட்டின பீரோவுக்குள்ள இருந்த பிஸ்டல்ல இருந்து, ஒரு போட்டிக்கு உண்டான அறுபது குண்டும் பாஞ்சிருக்கு! நான் கையைக் கழுவிட்டு வந்து பார்த்தா மார்க் போட்டு முடிச்சிட்டாங்க.”

“பீரோக் கதவு?” என்றார் பர்னாந்து.

“சாவித் துவாரம் எதுக்குவே இருக்கு? அதைவிடு. இந்தப் புதன்கிழமை குறி அட்டையை மாட்டப் போனேன், நடுவுல ஓட்டை! என்னடான்னு பார்த்தா, வியாழக்கிழமை சுட வேண்டிய குண்டு!”

ஜெசிந்தா எழுந்தாள். “அண்ணாச்சி, உங்க பிஸ்டலைக் கொஞ்சம் குடுங்க.”

அவர் பெருமையாக நீட்டினார். அவள் திருப்பிப் பார்த்தாள். விசைக்கு மேலே இருந்த திருகில் கம்பெனிக்காரன் வைத்த சிவப்புப் பெயின்ட் பொட்டு, கீறல்கூட விழாமல் அப்படியே இருந்தது. திருகைத் திருப்பியிருந்தால் பெயின்ட் உடைந்திருக்கும்.

“என்ன அண்ணாச்சி, இதைத் திறக்கவே இல்லையே?”

பர்னாந்துக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. அண்ணாச்சி ஒரு நொடி முழித்தார். ஒரே ஒரு நொடிதான்.

“அதான் தாயி என் கைவேலை! அரத்தை எடுத்துக் கண்ணுல காட்டுனேன். உன்னைத் திறந்து தேய்ச்சிருவேன்னு ஒரு அதட்டு அதட்டுனேன். பயத்துல தானே வழுவழுன்னு ஆயிருச்சு!”

ஜெசிந்தா தன் பெட்டியை இழுத்து, மூடி, பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“ரொம்ப நல்லதாப் போச்சு. என்னோடதையும் பூட்டின பெட்டிக்கு வெளியே நின்னே அதட்டிருங்க, அண்ணாச்சி.”