மதிலுக்குள்ள போன சுமைதாங்கி

இந்தக் கதைய எனக்கு முதல்ல சொன்னது எங்க நாத்தனா மங்களம். என் மூத்தவன் பொறந்த ஆவணி மாசம், பக்கத்துல படுத்துக்கிட்டு சொன்னா. நீ பள்ளிக்கூடம் போற வழியில மதில் இருக்குல்ல, அதோட கதை. கண்ண மூடிக்கிட்டு ‘ம்’ மட்டும் கொட்டு.

இதே ஊர்ல ஒரு தாய் இருந்தா. பேரு சிலம்பாயி. அவளோட ஒரே மக அங்காயி, வயித்துப் பிள்ளையோட செத்துப் போயிட்டா. அப்படிப் போனவங்களுக்கு வழியோரமா சுமைதாங்கி வெப்பாங்க. ரெண்டு கல்ல நட்டு, மேல ஒரு கல்லப் படுக்க வெக்கிறது. தலைச்சுமையோட வர்றவங்க அதுல இறக்கி வெச்சா, செத்தவ பாரமும் இறங்கும்னு நம்பிக்கை. சிலம்பாயியும் மக பேர வெட்டி ஒண்ணு வெச்சா. யாராச்சும் விறகுக்கட்ட தொப்புன்னு அதுல இறக்குனாத்தான் அவளுக்கு மூச்சே வரும்.

ம் சொல்லு கண்ணு.

அப்போ படை வருதுன்னு சேதி வந்துச்சு. முப்பது நாள்ல மதில் எழுப்பணும். மலையில போய் வெட்ட நேரமில்ல, ஊர்ல இருக்கிற கல்லப் பேத்துட்டு வாங்கன்னு உத்தரவு. கடகடகடன்னு வண்டி வந்துச்சு. முதல் நடையில பாழடைஞ்ச மண்டபத்துத் தூணெல்லாம் போச்சு. அப்புறம் வந்து வாசப்படி, ஆட்டுக்கல்லுன்னு அள்ளுனாங்க. எனக்கு ஒருத்திக்கு எதுக்கு ஆட்டுக்கல்லுன்னு சிலம்பாயி தானாவே குடுத்துட்டா. மூணாவது நடை, சுமைதாங்கிக்கு வந்தாங்க. அவ கல்லக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. படை வந்தா தலையே இருக்காது, கல்லுக்கு அழுறியான்னு கேட்டுக்கிட்டே, அவ விரல ஒவ்வொண்ணா பிரிச்சு எடுத்தாங்க.

அப்புறம் அவ மதிலத் தடவித் தடவித் தேடுனா. மக பேரு எங்கயும் இல்ல. கொத்தனாரக் கேட்டா. எழுத்து வெட்டுன பக்கந்தான் சுண்ணாம்பக் கவ்வும், அத உள்ள திருப்பித்தான் வெப்போம், எந்தக் கல்லுன்னு எனக்கே தெரியாதுன்னுட்டார்.

“ஐயா, அது இறக்கி வெக்கிற கல்லு. அதும் மேல இவ்வளவு ஏத்திட்டீங்களே, எப்ப இறக்குவீங்க?”

கொத்தனார் கரண்டியத் தொடச்சுக்கிட்டே நின்னார். “மதில் விழுந்தாத்தான் ஆத்தா.”

அன்னைக்கு சாயங்காலம் ஊரே கோயில்ல கூடி, மதில் நிக்கணும்னு கும்பிட்டுச்சு. சிலம்பாயியும் கை கூப்புனா. நிக்கணும்னு கேட்டா மக பாரம் இறங்காது. விழணும்னு கேட்டா அடுத்த வீட்டுப் பிள்ளைங்க பிழைக்காது. அவளால எதையும் கேக்க முடியல. சாமி முகத்தப் பாத்துக்கிட்டே நின்னுட்டு வந்துட்டா.

அப்புறம் படை வரவே இல்ல, வேற தெசையில போயிடுச்சு. மதிலும் விழல. சிலம்பாயி தினமும் போய், ஒரு நாளைக்கு ஒரு எடமா, மதிலுக்கு முதுகு குடுத்து நிப்பா. கொஞ்சமாச்சும் தாங்கலாமேன்னு. எந்த எடம்னு கடைசி வரைக்கும் அவளுக்குத் தெரியல.

கதை அங்கயே நின்னுபோச்சு, நீ தூங்கு. நாளைக்கு அந்த வழியா போறப்ப, புத்தகப்பைய மதிலோரமா ஒரு நிமிஷம் இறக்கி வெச்சுட்டுப் போறியா கண்ணு?