இசக்கிதுரை வருவது யாருக்கும் தெரியக்கூடாது

எங்கள் ஆனைமடையில் பாஸ்கட் பால் தெரிந்தவர்கள் மொத்தம் ஆறு பேர். ஐந்து பேர் காலேஜ் கோர்ட்டில் விளையாடினார்கள். ஒருத்தர் ஓரத்தில் நின்று கத்தினார். அவர் கோச் ஞானதிரவியம். ஒன்றும் தெரியாதவர்கள் அத்தனை பேரும் கேலரியில் நாலாவது படியில் உட்கார்ந்து, அந்த ஆறு பேருக்கும் யோசனை சொன்னார்கள்.

நான் மூன்றாவது படி. பதினோரு வருஷமாக அவர்கள் முழங்கால் என் முதுகில் இடித்துக்கொண்டிருந்தது. அதனால் நான் சொல்வதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும், வயிறு என்னுடையதுதானே.

நாலாவது படிக்குத் தலைவர் ஆவுடையப்பன். பஜாரில் பெயின்ட் கடை வைத்திருக்கிறார். செயலாளர் சொரிமுத்து, தபால் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். மூன்றாவது ஆள் காஜா மைதீன், டெய்லர். கழுத்தில் எந்நேரமும் டேப் தொங்கும். ஓடுகிற ஆட்டக்காரனைப் பார்த்தே கை நீளம், தோள்பட்டை எல்லாம் சொல்லிவிடுவார். பாதி ஆட்டத்துக்குப் பிறகு பக்கம் மாறும்போது மட்டும், நம் கூடை எது எதிரி கூடை எது என்று இன்றைக்கும் அவருக்குக் குழப்பம்தான்.

அந்த வருஷம் எங்கள் காலேஜ் வரிசையாக ஏழு ஆட்டம் தோற்றது. அதில் இரண்டைப் பற்றி நானே சாட்சி சொல்வேன்.

ஒரு ஆட்டத்துக்கு முன்னால் கோச் கேலரியைப் பார்த்துக் கும்பிட்டு, "ரசிகர்கள்தான் எங்க ஆறாவது ஆட்டக்காரர். உங்களை நம்பித்தான் இறங்குதோம்" என்றார். கடைசி நிமிஷம். ஒரு பாயின்ட் முன்னால் இருக்கிறோம். ஆவுடையப்பன் எழுந்தார், வேட்டியை மடித்துக் கட்டினார், கோர்ட்டுக்குள் இறங்கி எதிராளியின் முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார். நடுவர் விசில் ஊதினார். "ஊதாதீரும்வே, நான்தான் ஆறாவது ஆளு, கோச் சாரே சொல்லியிருக்காரு" என்று இவர் வாதாடினார். எதிரணிக்கு இரண்டு வீச்சு கொடுத்தார்கள். இரண்டும் விழுந்தது. ஒரு பாயின்டில் தோற்றோம்.

அடுத்த ஆட்டத்தில் கோச் பையன்களிடம், "பந்தை விட்டுக் கண்ணை எடுக்காதீங்க" என்றது சொரிமுத்து காதில் விழுந்தது. ஸ்கோர் எழுதும் மேஜைக்கு அடியில் மாற்றுப் பந்து ஒன்று கிடந்தது. மனிதர் நாற்பது நிமிஷம் கண்ணை இமைக்காமல் அதையே பார்த்தார். ஆட்டம் முடிந்ததும் ஆத்திரமாக எழுந்து, "பந்து இருந்த இடத்தை விட்டு அசையலை! நம்ம பயலுவ ஒருத்தன்கூடத் தொடலை! இந்தக் கோச் என்னத்தைச் சொல்லிக்கொடுத்திருக்காரு?" என்று கேட்டார். படியே கை தட்டியது.

அன்றைக்கு ஆரம்பித்தது, கோச்சை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்ற வாதம்.

"கோச்சை மாத்தியே ஆகணும்" என்றார் ஆவுடையப்பன்.

"மாத்திட்டா யாரைத் திட்டுறது?" என்றார் சொரிமுத்து.

"புதுசா வாரவரை."

"அவரைத் திட்டிப் பழக ஒரு வருஷம் ஆகுமே அண்ணாச்சி. இவரு நமக்கு நல்லாப் பழகினவரு."

காஜா மைதீன் தொண்டையைச் செருமினார். "சட்டை பிடிக்கலைன்னா உடனே தூக்கியா போடுதோம்? பிரிச்சுத் தச்சுப் பாக்கலாமே."

"ஆளை எப்படி பாய் பிரிக்க?"

மூன்று பேரும் அதை யோசித்து முடிப்பதற்குள் இன்னொரு ஆட்டம் தோற்றுவிட்டது.

இவர்கள் யோசித்துக்கொண்டிருந்தபோதே காலேஜ் தாளாளர் யோசித்து முடித்துவிட்டார். கோச்சைக் கூப்பிட்டு, "வெள்ளிக்கிழமை சாயந்திரம் அஞ்சு மணிக்கு அட்மிஷன் முடியுது. அதுக்குள்ள நல்ல உயரமான பையன் ஒருத்தன் நம்ம ஆபீஸ்ல கையெழுத்துப் போடணும். இல்லைன்னா திங்கட்கிழமை நீங்க வர வேண்டாம்" என்றார். ஞானதிரவியத்துக்குப் பள்ளிக்கூடம் போகும் பெண்பிள்ளைகள் இரண்டு. விசில் ஊதுவதைத் தவிர வேறு தொழில் தெரியாத மனிதர். பாவம், அன்றைக்கே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்தார்.

நாலாம் நாள் ஒரு பையன் கிடைத்தான். பெயர் இசக்கிதுரை. ஆறடி ஏழு அங்குலம். எங்கு குனிந்தாலும் தலை இடிக்கும், பந்தைப் போட்டால் மட்டும் இடிக்காமல் கூடைக்குள் விழும். அவனை ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தென்கரைக் காலேஜ் கோச் வின்சென்டும் மோப்பம் பிடித்து, ஒரு நாளைக்குப் பத்து தடவை போன் பண்ணிக்கொண்டிருந்தார். "போனை வீட்டிலேயே வச்சிட்டு வா" என்று ஞானதிரவியம் அவனிடம் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை அவனுடைய தகுதிக் கடிதத்தை வாங்க கோச் யூனிவர்சிட்டிக்கு நேரில் போக வேண்டியதாயிற்று; தூரம் என்பதால் முந்தின நாளே கிளம்ப வேண்டும். ஆட்டக்காரப் பையன்களுக்குப் பரீட்சை. எனக்குக் காய்ச்சல். அவரிடம் மிச்சம் இருந்தது நாலாவது படிதான். கெட்ட நேரம் என்றால் இப்படித்தான் வரும்.

"அண்ணாச்சி, நல்லாக் கேட்டுக்கிடுங்க" என்றார் கோச். "நாளைக்கு மூணு மணி பஸ்ல வருவான். இசக்கிதுரை. ஆறடி ஏழு அங்குலம். கூட்டிட்டுப் போயி அஞ்சு மணிக்குள்ள கையெழுத்துப் போட வைங்க. வேற யாருகிட்டயும் பேரைக்கூடச் சொல்லாதேன்னு அவன்கிட்டச் சொல்லியிருக்கேன். நீங்களும் அப்படித்தான். ஈ காக்காய்க்குக்கூடத் தெரியக்கூடாது. என் பொழைப்பே இதுலதான் இருக்கு."

"கவலையை விடுங்க சார்" என்றார் ஆவுடையப்பன்.

கோச் பஸ் ஏறியதும் பெயின்ட் கடையில் அவசரக் கூட்டம் கூடியது.

"யாருக்கும் தெரியக்கூடாதுன்னா, முதல்ல யாரும் யாருகிட்டயும் சொல்லக்கூடாது" என்றார் சொரிமுத்து.

"சொல்லக்கூடாதுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் ஆவுடையப்பன்.

"நாமதான் சொல்லணும்."

"எதைச் சொல்லக்கூடாதுன்னும் சொல்லணுமே. இல்லைன்னா விவரம் தெரியாம உளறிருவானுவ."

"அப்போ பிளெக்ஸ்தான்" என்றார் காஜா மைதீன்.

எங்கள் ஊரில் காது குத்துக்கும் பிளெக்ஸ், காலேஜ் தேர்தலுக்கும் பிளெக்ஸ். ரகசியத்துக்கு வைத்தது இதுதான் முதல் தடவை. வியாழக்கிழமை பொழுது சாய்வதற்குள் பஜார் முழுக்கக் கட்டிவிட்டார்கள்.

"அன்பான வேண்டுகோள்! நாளை வெள்ளிக்கிழமை மாலை மூன்று மணிப் பேருந்தில் நம் கல்லூரியில் சேர வருகை தரும் ஆறடி ஏழு அங்குல இசக்கிதுரை அவர்களைப் பற்றி யாரும் யாரிடமும் மூச்சு விட வேண்டாம். இவண், நாலாவது படி ரசிகர் மன்றம்."

கீழே மூன்று பேர் படமும் கலரில் சிரித்தது. நடுவில் ஒரு கறுப்பு நிழல். அதன் அடியில், "ரகசியம் என்பதால் படம் இல்லை."

இதோடு விட்டார்களா? "தெரிஞ்சா கெடுக்கப் போறவன் தென்கரைக்காரன்தானே. அவனுக்குத்தான் முதல்ல கண்டிச்சுச் சொல்லணும்" என்றார் ஆவுடையப்பன். இருப்பதிலேயே பெரிய போர்டு தென்கரைக் காலேஜ் வாசலில் ஏறியது.

வெள்ளிக்கிழமை இரண்டரை மணிக்கே மூவரும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டார்கள். சொரிமுத்து கையில் ஒரு கம்பு. வேப்பமரத்துக் காக்காய்களை விரட்டுவது அவர் பொறுப்பு. ஈக்களைக் காஜா மைதீன் டேப்பால் அடித்துக்கொண்டிருந்தார். ஓரமாக ஒரு கார் நின்றது. அதில் சாய்ந்துகொண்டு வின்சென்ட் பிளெக்ஸைப் படித்துக்கொண்டிருந்தார்.

ஆவுடையப்பன் அவரிடம் போனார். "சார் போர்டைப் பாத்தீங்களா? யாருகிட்டயும் சொல்லிராதீங்க."

"சத்தியமாச் சொல்ல மாட்டேன்" என்றார் வின்சென்ட்.

"என்ன தங்கமான மனுஷன்!" என்று திரும்பி வந்து சொன்னார் ஆவுடையப்பன்.

மூன்று மணி பஸ் வந்தது. படிக்கட்டில் தலையை இடித்துக்கொண்டு ஒரு பையன் இறங்கினான். இறங்கியதும் பஸ் ஸ்டாண்டே ஒரு கணம் அண்ணாந்து பார்த்தது. பையன் போர்டில் இருந்த மூன்று முகங்களையும் எதிரே நின்ற மூன்று முகங்களையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, நேராக இவர்களிடமே வந்தான்.

"அண்ணாச்சி, நான்தான் இசக்கிதுரை. கோச் சார் உங்களைப் பாக்கச் சொன்னாரு."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பேரைச் சொல்லுதானே" என்று முணுமுணுத்தார் சொரிமுத்து. "நிஜ இசக்கிதுரை வாயைத் திறந்து பேரைச் சொல்லுவானா? சொல்லக்கூடாதுன்னு கோச் சார் சொல்லியிருக்காரே."

"எதுக்கும் அளந்துருவோம்" என்றார் காஜா மைதீன். பெஞ்சு மேல் ஏறி, செருப்போடு நின்ற பையனை உச்சியில் இருந்து தரை வரை அளந்தார். டேப்பைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "ஆறடி ஏழரை."

"அரை அங்குலம் கூட வருதே!"

"நம்மகிட்டச் சொன்னது ஏழு. இவன் ஏழரை. ஏழரையைக் கூட்டிட்டுப் போனா காலேஜ் விளங்குமா?" என்றார் ஆவுடையப்பன். பையனிடம் திரும்பி, "தம்பி, நாங்க யாரையும் எதிர்பாக்கலை. இங்க யாரும் வரலை. போயிட்டு வா" என்றார்.

"அண்ணாச்சி, அஞ்சு மணிக்குள்ள கையெழுத்துப் போடணும். காலேஜுக்கு வழியாவது சொல்லுங்க" என்று பையன் கெஞ்சினான். கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது.

"எந்தக் காலேஜ்? எங்களுக்குத் தெரியாதே" என்றார் சொரிமுத்து. சொல்லிவிட்டு, ரகசியம் காத்த பெருமையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

அப்போது வின்சென்ட் வந்து பையன் தோளைத் தட்டினார், அதாவது எட்டிய வரை தட்டினார். "வா தம்பி, நான் கூட்டிட்டுப் போறேன்."

"அண்ணாச்சி, இவரு கூடப் போகலாமா?" என்று பையன் கேட்டான்.

"தாராளமாப் போ. தங்கமான மனுஷன்" என்றார் ஆவுடையப்பன். கார் சின்னது, பையன் பெரியவன். முட்டிக்கிட்ட ஒரு மடிப்பு, இடுப்பில் ஒரு மடிப்பு என்று காஜா மைதீன்தான் கூட நின்று அவனை மடித்து ஏற்றினார். பையை சொரிமுத்து தூக்கி வைத்தார். கார் போகும்போது மூவரும் கை காட்டினார்கள்.

நாலு மணி பஸ்ஸில் ஐந்தடி ஒரு அங்குலத்தில் ஒரு மனிதர் இறங்கினார். நாற்பது வயசு, முன் வழுக்கை, கையில் ஸ்பானர் பை.

"நீ இசக்கிதுரையா?" என்றார் ஆவுடையப்பன்.

"இல்லீங்க. நான் பூபாலன். காலேஜ் ஹாஸ்டல் மெஸ்ஸுல காஸ் அடுப்பு ரிப்பேரு, அதுக்கு வந்திருக்கேன்."

"பாத்தீரா!" என்று துள்ளினார் சொரிமுத்து. "பேரு கேட்டா இல்லைங்கான்! என்ன கட்டுப்பாடு!"

"உயரம் இடிக்குதே" என்றார் ஆவுடையப்பன்.

காஜா மைதீன் கொஞ்சம் யோசித்தார். "இவ்வளவு தூரம் பஸ்ஸுல நெருக்கியடிச்சு வந்திருக்கான். சுருங்கியிருப்பான். ரெண்டு நாள் தொங்கவிட்டாச் சரியாயிரும்."

பூபாலனை அலாக்காகத் தூக்காத குறையாக ஆபீஸுக்குக் கொண்டுபோனார்கள். வேலைக்கு வந்ததற்குக் கையெழுத்து வாங்குகிறார்கள் என்று நினைத்து, அவரும் காட்டிய இடத்தில் எல்லாம் "பூபாலன்" என்று போட்டார். "கையெழுத்துகூட வேற பேருல!" என்று மூவருக்கும் மெய்சிலிர்த்தது. கிளார்க் தலை நிமிராமல் முத்திரை குத்தினார். மணி நாலு ஐம்பத்திரண்டு.

ஐந்து பத்துக்குக் கோச் ஓடி வந்தார். பூபாலனைப் பார்த்தார். பிளெக்ஸைப் பார்த்தார். பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். இதைக் கேள்விப்பட்டபோது எனக்குக் காய்ச்சலோடு அழுகையும் வந்தது. தாளாளர் வந்து பூபாலனை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். அதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. "திங்கட்கிழமை வர வேண்டாம் ஞானதிரவியம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"நாம உயிரைக் கொடுத்து வேலை பாத்தோம். இருந்த வேலையைக் காப்பாத்திக்க அவருக்குத் தெரியலையே" என்று வருத்தப்பட்டார் ஆவுடையப்பன்.

ஆனால் இசக்கிதுரை நல்ல பிள்ளை. தென்கரை ஆபீஸில் பேனாவைக் கையில் கொடுத்தபோது, "ஞானதிரவியம் சார் எங்க இருக்காரோ அங்கதான் கையெழுத்து" என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். அங்கே அட்மிஷன் மறுநாள் வரை இருந்தது; அவர்கள் அன்றைக்கே கோச், பையன் இரண்டு பேரையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். கோச் இரண்டு பெண்பிள்ளைகளோடு ஆற்றைத் தாண்டிப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை என்று கேள்வி. நானாக இருந்தாலும் பார்த்திருக்க மாட்டேன்.

அடுத்த மாதம் அதே தென்கரை எங்கள் கோர்ட்டுக்கு ஆட வந்தது. எங்கள் பக்கம் நடுவில் பூபாலன். விண்ணப்பத்தில் முத்திரை விழுந்துவிட்டதே, யாருக்கும் அழிக்கத் தெரியவில்லை. பாதி ஆட்டத்தில் முப்பது பாயின்ட் பின்னால் இருந்தோம். இடைவேளையில் இசக்கிதுரை ஷூவைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். கை சும்மா இருக்குமா? காஜா மைதீன் ஒரு நாற்காலியைப் போட்டு ஏறி அவனை அளந்துவிட்டார்.

"ஏழு! ஆறடி ஏழு! சொல்லி வச்ச மாதிரி ஏழு!"

மூவருக்கும் தலைகால் புரியவில்லை. ஓட்டமாக எதிரணி பெஞ்சுக்குப் போய், ஞானதிரவியத்தின் காதோரம் குனிந்தார் ஆவுடையப்பன். "சார், நீங்க சொன்ன பையன் வந்துட்டான். கொஞ்சம் லேட்டு. யாருகிட்டயும் சொல்லலை. இனி உங்க வேலைக்கு ஆபத்து இல்லை."

கோச் எழுந்து நின்று இரண்டு கையையும் கூப்பினார். "அண்ணாச்சி, கோடி நன்றி. உங்களுக்குப் புண்ணியமாப் போவும், இனிமே நீங்க மூணு பேரும் ஒண்ணுமே செய்யாம இருந்தாப் போதும்."

நாலாவது படிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.

"ஒண்ணுமே செய்யக்கூடாதுன்னா, பேசுறதும் செய்யறதுதானே?" என்றார் சொரிமுத்து.

"அப்போ நீரு இப்பம் கேட்டதே தப்பு" என்றார் காஜா மைதீன்.

"அதைச் சொன்னது நீரு, அதுவும் தப்பு" என்றார் ஆவுடையப்பன். அதோடு மூன்று வாயும் மூடிக்கொண்டது.

ஆட்டம் முடிந்தது. கூட்டம் போனது. வாட்ச்மேன் கேட்டைப் பூட்டினார். அவர்கள் எழுந்திருக்கவில்லை, எழுந்திருப்பது ஒரு செயல் அல்லவா. மறுநாள் சொரிமுத்துவின் சம்சாரம் வந்து தலையில் அடித்துக்கொண்டு இட்லியைப் பிய்த்து மூன்று வாயிலும் திணித்துவிட்டுப் போனார். மெல்லலாமா கூடாதா என்று தெரியாமல் கன்னம் உப்பியபடியே மத்தியானம் வரை இருந்தார்கள். இன்றோடு மூன்று வாரம். வேளாவேளைக்கு யாராவது வந்து ஊட்டுகிறார்கள், மழைக்கு ஒரு தார்ப்பாய் போர்த்துகிறார்கள். இந்த மூன்று வாரத்தில் எங்கள் காலேஜ் மூன்று ஆட்டம் ஜெயித்தது. பூபாலன் இப்போது கேப்டன். என் முதுகுவலியும் குறைந்திருக்கிறது.

நேற்று மூன்றாவது வெற்றி வந்தபோது ஆவுடையப்பன் ஒரு கண்ணைச் சிமிட்டிவிட்டார். பக்கத்தில் நின்று நானே பார்த்தேன். அது செய்ததில் சேருமா, சேர்ந்தால் தலைவர் பதவியில் அவர் நீடிக்கலாமா என்று, வாயைத் திறக்க முடியாமல், மற்ற இருவரும் மூஞ்சி சிவக்கச் சிவக்க உட்கார்ந்திருக்கிறார்கள்.