நாலு விரற்கடை

ஒரு ஊரில் ஒரு பீரோ இருந்தது. பீரோவின் அடித்தட்டில் ஒரு நீல ஸ்கர்ட் இருந்தது. அந்த ஸ்கர்ட்டின் அடியோரத்தில், வெளியே தெரியாமல், உள்பக்கமாக ஒரு மடிப்பு இருந்தது. ஸ்கர்ட்டைப் பற்றிப் பேச ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மடிப்பைப் பற்றிப் பேச ஒருத்தராவது வேண்டாமா? அதனால் இது மடிப்பின் கதை.

அதை வைக்கச் சொன்னவள் மாரிச்செல்வி. மூத்த மகள் தாரணிக்கு நாலாம் வகுப்பில் யூனிபார்ம் தைக்கக் கொடுத்தபோதே டெய்லரிடம் கண்டிஷனாகச் சொல்லிவிட்டாள்.

"வளர்ற புள்ளண்ணே. அடியில நாலு விரக்கடை உள்ள மடிச்சுத் தைங்க. அவ வளர வளரப் பிரிச்சு விட்டுக்கிடுவேன்."

மடிப்புக்குத் தலைகால் புரியவில்லை. பிறந்த அன்றைக்கே நமக்கு ஒரு வேலை காத்திருக்கிறது, அதுவும் ஒரு பிள்ளை வளர்கிற வேலை! அதைப் பிடித்துவைத்திருந்த நூலும் நல்லவிதமாகத்தான் பேசியது.

"கொஞ்சம் பொறுத்துக்கோ. அவ வளரட்டும். அன்னிக்கு நானே உன்னை விட்டுருவேன்."

உள்ளே இருட்டு. ஆனால் காது கேட்கும். பள்ளிக்கூட மணி கேட்கும், கைதட்டல் கேட்கும், டிபன் பாக்ஸ் மூடி உருளுகிற சத்தம் கேட்கும். தினமும் காலையில் பிரேயருக்கு முன்னால் பி.டி. மாஸ்டர் விசில் ஊதுவதும் கேட்கும். "உயரப்படி நில்லுங்க!" என்பார் அவர். உடனே தாரணி முன்னால் நடப்பாள். இன்னும் முன்னால். வரிசையில் அவளுக்கு முன்னால் ஒருத்தரும் இல்லாத இடம் வரைக்கும் போய் நிற்பாள். பின்னால் யாரோ கிசுகிசுப்பாக "அரைப் படி" என்பார்கள். நாலைந்து பேர் சிரிப்பார்கள்.

அப்போதெல்லாம் தாரணியின் கை கீழே வந்து, ஸ்கர்ட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொள்ளும். அவள் பிடிப்பது மடிப்பைத்தான். அந்தக் கை ஜில்லென்று இருக்கும்.

மூன்று வருஷம் ஓடிப்போயிற்று. ஒவ்வொரு மே மாசக் கடைசியிலும் மாரிச்செல்வி பீரோவைத் திறந்து, யூனிபார்மையெல்லாம் கட்டிலில் கொட்டி, பிள்ளைகளுக்குப் போட்டுப் பார்ப்பாள். தாரணி கண்ணாடி முன்னால் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள். போன வருஷம் ஸ்கர்ட் முழங்காலுக்குக் கீழே எங்கே நின்றதோ அங்கேயே நிற்கும்.

"இருக்கட்டும். அடுத்த வருஷம் பிரிப்போம்" என்பாள் மாரிச்செல்வி. டாக்டரிடமும் காட்டியாயிற்று. "உடம்புக்கு ஒண்ணுமில்லம்மா, சில பிள்ளைங்க மெதுவாத்தான் வளரும்" என்று அனுப்பிவிட்டார்.

மடிப்புக்கு ஒரு நாள் பயங்கரமான சந்தேகம் வந்துவிட்டது.

"ஏ நூலு, நாந்தான் அடியில தொங்கிக்கிட்டு அவளைக் கீழ இழுக்கேனோ?"

"போடா லூசு" என்றது நூல். ஆனால் அதன் குரலிலும் அவ்வளவு தைரியம் இல்லை.

அதே பீரோவில் இன்னொரு ஸ்கர்ட்டும் இருந்தது. அது இளையவள் ஓவியாவுடையது. ஓவியா தாரணியைவிட ரெண்டு வயசு சின்னவள். ஆனால் கீரைத்தண்டு மாதிரி நெடுநெடுவென்று வளர்ந்துகொண்டிருந்தாள். அவள் ஸ்கர்ட்டின் ஓரம் இருக்கிறதே, அதற்கு வாய் ஜாஸ்தி.

"என்னைப் போன வருஷம் ஒருதடவை பிரிச்சாங்க. பொங்கலுக்கு அப்புறம் இன்னொரு தடவை. நான் பாக்காத கிரவுண்டு இல்ல, பாக்காத வெயில் இல்ல" என்று பீற்றிக்கொள்ளும். "நீ இன்னும் உள்ளயா கிடக்கே? நல்லாத் தூங்கு, நல்லாத் தூங்கு!"

 

இந்த வருஷமும் மே மாசக் கடைசி வந்தது. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் மாரிச்செல்வி யூனிபார்மை அள்ளிக் கட்டிலில் போட்டாள். போட்டவள் தாரணியைக் கூப்பிட்டாள்.

"ஏட்டி, கடையில ஸ்கர்ட் ஹூக்கு வாங்கிட்டு வா. அவசரமில்ல, மெதுவா வா."

பிள்ளையைக் கடைக்கு அனுப்புகிற எந்தத் தாயாவது மெதுவாக வா என்று சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? தாரணி அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

அவள் தலை மறைந்ததும் மாரிச்செல்வி ஓவியாவுக்கு அவளுடைய ஸ்கர்ட்டைப் போட்டாள். ரெண்டு விரற்கடை குறைந்தது. பிரித்து விட அதில் இனிமேல் துணி இல்லை. புதுசு எடுக்கிற நிலைமை அந்த வருஷம் அந்த வீட்டில் இல்லை.  மாரிச்செல்வி தாரணியின் ஸ்கர்ட்டை எடுத்து ஓவியாவின் இடுப்பில் மாட்டினாள். இஞ்ச் டேப்பைத் தொங்கவிட்டுப் பார்த்தாள்.

"இதைப் பிரிச்சா சரியா இருக்கும்" என்று தனக்குத்தானே சொன்னாள்.

மடிப்பு துள்ளிக் குதித்தது. "கேட்டியா நூலு! பிரிக்கப் போறாங்க! வளந்துட்டா! எம் புள்ள வளந்துட்டா!"

இஞ்ச் டேப்புக்குப் பொய் சொல்ல வராது. அதன் பிறவிக் குணம் அப்படி. ஆனால் அன்றைக்கு அதுவே கொஞ்சம் தயங்கித்தான் சொன்னது.

"அவ இல்லப்பா. தங்கச்சிக்கு."

"அப்ப தாரணிக்கு?"

"தங்கச்சியோட பழசு தாரணிக்கு."

எந்த வீட்டிலும் அக்கா போட்டது தங்கச்சிக்கு இறங்கும். தங்கச்சி போட்டது அக்காவுக்கு ஏறியதை மடிப்பு கேள்விப்பட்டதே இல்லை. மூன்று வருஷம் இருட்டில் கிடந்தபோது வராத அழுகை அதற்கு இப்போது வந்தது.

"நான் பிரிய மாட்டேன்" என்றது. "நூலு, என்னை விட்டுராத. கெட்டியாப் பிடிச்சுக்கோ. நான் அவளுக்காகக் கிடந்தவன்."

"பிடிக்கேன்" என்றது நூல்.

மாரிச்செல்வி பிளேடை எடுத்துத் தையலில் கொடுத்தாள். நூல் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். பிளேடு வழுக்கித் துணியில் உரசியது. ஒரு தையல்கூட விடவில்லை.

"எம்மா, அக்கா ஸ்கர்ட்டை எனக்கா பிரிக்கே?" என்றாள் ஓவியா. "அக்கா அழமாட்டாளா?"

"சத்தம் போடாதட்டி. அவ வர்றதுக்குள்ள முடிச்சிரணும்."

"வந்துட்டேன்மா" என்று வாசலில் குரல் கேட்டது.

தாரணி கையில் ஹூக்குப் பொட்டலத்தோடு நின்றாள். அவளுடைய ஸ்கர்ட்டைப் பார்த்தாள். அது யார் இடுப்பில் இருக்கிறது என்று பார்த்தாள். அம்மா கையில் இருந்த பிளேடையும் பார்த்தாள்.  அவளுக்கு முகம் சிவந்து, உதடு ஒருபக்கமாகக் கோணியது.

"தாரணி, அம்மா சொல்றதைக் கேளு..." என்று மாரிச்செல்வி எழுந்தாள்.  இந்த ஒரு விஷயத்தைச் சொல்லத் தெரியாமல்தானே பிள்ளையைக் கடைக்கு அனுப்பினாள்.

தாரணி முகத்தைப் புறங்கையால் துடைத்தாள். ஒருதடவை, இன்னொருதடவை. பிறகு நேராக வந்து ஓவியா முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"நீ துணியைக் கிழிச்சிருவம்மா. இங்க குடு."

பிளேடை வாங்கி, மடிப்பை ஒரு கையால் பிடித்தாள். அதே ஜில்லென்ற கை.

"நூலு" என்றது மடிப்பு, மெதுவாக. "வந்துட்டா."

"என்ன செய்யணும்? பிடிச்சுக்கவா?"

 தாரணியின் மூச்சு வேகமாக வந்துகொண்டிருந்தது. கண்ணீர் ஒரு சொட்டு மடிப்பின் மேலேயே விழுந்தது.  ஆனால் கை மட்டும் ஒவ்வொரு தையலாகத் தேடிப் பிடித்துக்கொண்டிருந்தது.

"விட்டுரு" என்றது மடிப்பு.

நூல் விட்டது. தையல் மளமளவென்று பிரிந்தது. மடிப்புக்குள் இருந்து மூன்று வருஷத்து மண்ணும் பென்சில் சீவலும் தரையில் உதிர்ந்தன. முதல்தடவையாக அதன்மேல் ஜன்னல் வெளிச்சம் பட்டது. கண் கூசியது. கூசிய கண்ணில் அது முதலில் பார்த்தது தாரணியின் முகத்தைத்தான். இவ்வளவு நாளும் குரலை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்த முகம். மூக்கு சிவந்து, அழகாக இருந்தது.

ஓவியா குனிந்து பார்த்துவிட்டுச் சிணுங்கினாள். "ரெண்டு கலரா இருக்குக்கா. மேல வெளுத்துப்போய், கீழ மட்டும் கருநீலம். எல்லாரும் சிரிப்பாங்க."

"சிரிச்சா சிரிக்கட்டும். இந்தக் கருநீலம் இருக்கே, இதை நான் ஒருநாள்கூடப் போடல, தெரியுமா? உன்னைத்தவிர யாரும் போடல. புத்தம் புதுசு" என்றாள் தாரணி. சொல்லிக்கொண்டே உள்ளங்கையால் அந்த நாலு விரற்கடையையும் நீவி விட்டாள். மடிப்புக்கு அது போதும் என்று இருந்தது.

அடுத்தது ஓவியாவின் பழைய ஸ்கர்ட். தாரணி போட்டுக்கொண்டு நின்றாள். இஞ்ச் டேப் தொங்கியது. அவளுக்கு ரெண்டு விரற்கடை கூடுதலாக இருந்தது. அதன் ஓரம் வேறு நைந்து நூல்நூலாக நின்றது. ஆடின ஆட்டமெல்லாம் தெரிய வேண்டாமா?

மாரிச்செல்வி கத்தரிக்கோலை எடுத்தாள். மறுபடியும் ஒரு மடிப்பு வைத்து, மறுபடியும் வருஷா வருஷம் பிள்ளையைக் கண்ணாடி முன்னால் நிறுத்த அவளுக்கு மனசு வரவில்லை.

"இந்த ரெண்டு விரக்கடையை வெட்டிருவோமா தாரணி? ஓரம் நீட்டா இருக்கும்."

வாயாடி ஓரத்துக்கு அன்றைக்குத்தான் வாய் அடைத்துப் போயிற்று.

"வெட்டாதம்மா" என்றாள் தாரணி.

"கூடுதலா இருக்குட்டி."

"இருக்கட்டும். உள்ள மடிச்சுத் தை."

மாரிச்செல்வி அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவாள். கத்தரிக்கோலைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு ஊசியை எடுத்தாள். நூல் கோப்பதற்கு நாலுதடவை எச்சில் பண்ண வேண்டியிருந்தது. ரெண்டு விரற்கடையையும் உள்ளே மடக்கி, பொடிப்பொடியாகத் தைத்தாள்.

சாயங்காலம் ரெண்டு ஸ்கர்ட்டும் அயர்ன் பண்ணிக் கொடியில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. வாயாடி ஓரம் இப்போது மடிப்பாகி உள்ளே கிடந்து அலறியது.

"ஐயோ, ஒண்ணும் தெரியலையே! ஒரே இருட்டா இருக்கே! இதுக்குள்ள எத்தனை நாள் கிடக்கணும்?"

"பயப்படாத" என்றது பழைய மடிப்பு. "இருட்டுதான், ஆனா எல்லாம் கேக்கும். காலையில விசில் ஊதும்போது ஒரு கை வந்து பிடிக்கும், ஜில்லுன்னு இருக்கும். அந்தக் கையை விட்டுராத."

"சரி, எத்தனை நாளுன்னு சொல்லேன்!"

"நீ எதுக்குக் கேக்கே?" என்றது பழைய மடிப்பு. "அவளே கேக்கல."