புதுக் கட்டை போட்ட துப்பாக்கி

"அலமாரிச் சாவி யார்கிட்ட இருக்கு, மாஸ்டர்?"

"எங்கிட்டதான்."

"வேற யார்கிட்டயும் இல்லையே?"

"இல்ல."

ரைபிள் கிளப்பில் காலையில் சுட்டுப் பார்த்துவிட்டு வந்ததும் மரகதவல்லி கேட்ட முதல் கேள்வி அது. வணக்கம்கூடச் சொல்லவில்லை. அவர் கால்நடை டாக்டர். சிலுவைமுத்து மாஸ்டரிடம் துப்பாக்கி சுடப் பழகுகிறவர். இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயதுதான். மறுநாள் மாநில அணிக்குத் தேர்வு. காலியாக இருந்தது ஒரே ஓர் இடம். அந்த இடத்துக்கு டாக்டரோடு மாஸ்டரின் தங்கை பிலோமினாவும் போட்டியிடுகிறாள்.

டாக்டர் கையிலிருந்த இலக்குத் தாளை மாஸ்டரிடம் நீட்டினார். குண்டுகள் எல்லாம் நடுப்புள்ளியை விட்டு இடப்பக்கம், கீழே, ஒரே கொத்தாக விழுந்திருந்தன.

"போன வாரம் நடுவுல விழுந்துச்சு. ராத்திரி பூரா துப்பாக்கி உங்க அலமாரியில இருந்துச்சு. யாரோ குறி பாக்குற சைட்டைத் திருப்பியிருக்காங்க."

யாரோ என்று சொன்னாரே தவிர, மாஸ்டரின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மாஸ்டருக்குச் சுருக்கென்றது. காட்டிக்கொள்ளவில்லை.

"துப்பாக்கிக் கட்டை புதுசா இருக்கே," என்றார்.

"நேத்து சாயங்காலம் நான்தான் மாத்தினேன். பழசுல கன்னம் சரியா உட்காரல."

"மாத்தின பிறகு சுட்டுப் பாத்தீங்களா?"

"எதுக்கு? குழல் அதேதான், சைட்டும் அதேதான். தோள்ல முட்டுற மரம்தானே மாறியிருக்கு. பேச்சை மாத்தாதீங்க, மாஸ்டர்."

மாஸ்டர் பேச்சை மாற்றவில்லை, நிறுத்திவிட்டார். ஸ்க்ரூடிரைவரை மேசைமேல் வைத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றார்.

"பழைய கட்டையை மாட்டிச் சுடுங்க. சைட்டைத் தொடாதீங்க."

"நீங்க?"

"நான் இங்கயே நிக்கேன்."

டாக்டர் ஒரு கண்ணை அவர்மேல் வைத்துக்கொண்டே கட்டையை மாற்றினார். படுத்துச் சுட்டார். தாளை எடுத்துவர வேறு யாரையும் விடவில்லை, தானே போனார். குண்டுகள் நடுவில் இருந்தன.

"இப்ப புதுசை மாட்டுங்க."

மாட்டிச் சுட்டார். மறுபடியும் இடப்பக்கம், கீழே.

இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு டாக்டர் வெகுநேரம் நின்றார். முகம் சிவந்துபோயிற்று.

"அப்ப, கட்டையாலதானா?"

"குழலைப் பிடிச்சிருக்கிற பிடி மாறிப்போச்சு. நீங்க கன்னம் சாய்க்கிற இடமும் மாறிப்போச்சு. குண்டு மட்டும் எப்படிப் பழைய இடத்துக்கே போகும்?"

"நான் தொடலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, மாஸ்டர்."

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

டாக்டர் இரண்டு தாள்களையும் மடித்து மேசைமேல் வைத்தார். புதுக் கட்டை போட்ட துப்பாக்கியை இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினார்.

"சைட்டைத் திருப்பிச் சரிபண்ணிக் குடுங்க. எப்பவும் நீங்கதானே செய்வீங்க?"

மாஸ்டர் அதை வாங்கவில்லை. அலமாரிச் சாவியை வளையத்திலிருந்து கழற்றி, ஸ்க்ரூடிரைவருக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இனி உங்க கையாலயே திருப்புங்க, டாக்டர். நாளைக்கு ஒரு குண்டு விலகினாலும், குத்தம் சொல்ல நீங்க தேடிப் போக இன்னொரு ஆள் இருக்கக் கூடாது."