பால் நனைத்த இழை

முன்னொரு காலத்தில், மூன்று மலைகளுக்கு நடுவே ஒரு ராஜ்ஜியம் இருந்தது. அங்கே சித்திரவல்லி என்றொரு நெசவுக்காரி. அவள் நெய்ததை விரித்தால் ராஜாவே எழுந்து நின்று பார்ப்பார் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.

அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தறி நின்றது. சால்வை கேட்டுக் கேட்டு அலுத்துப்போன அரண்மனை மந்திரவாதி கரிமுகன், ஒருநாள் நேரிலேயே வந்துவிட்டான்.

"வருஷம் ஒன்று போச்சு. என்னதான் வேலை செய்தாய்?"

"பிள்ளையை வளர்த்தேன் ஐயா."

"அது ஒரு வேலையா? கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லையே."

மந்திரக்கோலை ஆட்டினான், பாவி. மடியில் பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தை மரப்பாச்சிப் பொம்மையாகிவிட்டது.

"அந்த வேலையைத் துணியில் நெய்து சபைக்குக் கொண்டு வா. 'தெரிகிறது' என்று என் வாய் சொன்னால் பிள்ளை உனக்கு" என்று போய்விட்டான்.

சித்திரவல்லி அழுதாள். குடிக்கப் பிள்ளையில்லாமல் மார் கட்டிக்கொண்டு வலித்தது. பாலைப் பிழிந்து கொட்ட மனசு வரவில்லை. அப்போது ஒன்று நினைவுக்கு வந்தது. மழைக்காலத்தில் பிள்ளைத் துணியைத் தணல்மேல் கவிழ்த்த சாம்பிராணிக் கூடைமேல் காயப்போட்டால், பால் பட்ட இடம் மட்டும் பழுப்பேறுமே. கண்ணைத் துடைத்துக்கொண்டு தறியில் உட்கார்ந்தாள். வெள்ளைத் துணிக்குள், பாலில் நனைத்த வெள்ளை நூலால் உருவங்கள் போட்டாள்.

சபையில் மரப்பாச்சியைப் பக்கத்தில் கிடத்திவிட்டுத் துணியை விரித்தாள். கரிமுகன் வலப்பக்கம் நின்று பார்த்தான். "ஒன்றும் தெரியவில்லையே." இடப்பக்கம் நின்று பார்த்தான். "ஒன்றும் தெரியவில்லையே." புரட்டிப் பார்த்தான். "ஒன்றுமே தெரியவில்லையே."

"கொஞ்சம் பொறுங்கள் ஐயா" என்றாள். கொண்டுவந்திருந்த தணல்சட்டியின்மேல் தன் சாம்பிராணிக் கூடையைக் கவிழ்த்துத் துணியைப் போர்த்தினாள்.

பழுப்பு மெல்லப் படர்ந்தது. இதோ, ஒரு கையில் பிள்ளை, மறுகையில் அகப்பை. இதோ, காய்ச்சல் நெற்றியில் ஈரத்துணி. இதோ, பிள்ளை விழித்துவிடுமே என்று கையை அசைக்காமல் விடியவிடிய உட்கார்ந்திருக்கும் அம்மா.

ராஜா எழுந்து நின்றார். கரிமுகன் குனிந்து பார்த்தான், தன்னை மறந்தான்.

"அட, கை மரத்துப்போனதுகூடத் தெரிகிறதே" என்றான்.

சொல்லிவிட்டான் அல்லவா? வீல் என்று ஓர் அழுகை. மரப்பாச்சி இருந்த இடத்தில் அவள் பிள்ளை கைகாலை உதைத்துக்கொண்டு கிடந்தது.

"அருகே வா அம்மா, என்ன பரிசு வேண்டும்?" என்றார் ராஜா.

சித்திரவல்லி அங்கேயே உட்கார்ந்து, முந்தானையை இழுத்து மூடி, பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். தலை நிமிர்ந்து சொன்னாள்.

"கொஞ்சம் இருங்கள் மகாராஜா. வேலையாக இருக்கிறேன்."

ராஜா நின்றுகொண்டே காத்திருந்தார். கரிமுகனுக்கு என்ன ஆச்சு என்கிறீர்களா? ஊர்ப் பிள்ளைகளின் துணியெல்லாம் இன்னும் அலசிக்கொண்டிருக்கிறானாம், தீர்ந்தபாடில்லை. தாயும் பிள்ளையும் சுகம், கேட்ட நாமும் சுகம்.