பள்ளக்கரையில் ஒரு மனை

வெகு காலத்துக்கு முன்பு சேந்தன்புரி என்ற நாட்டை வச்சிரவாகு என்ற அரசன் ஆண்டுவந்தான். கோட்டைக்குள் ஜனம் பெருத்துப் போய்விட்டது. ஒரு தெருவில் கல்யாண ஊர்வலம் எதிரே வந்தால், பிணம் தூக்கி வருகிறவர்கள் பின்னால் நகர்ந்து வழிவிட வேண்டியிருந்தது. அதனால் மேற்கு வாசலுக்கு வெளியே ஒரு புறநகர் கட்டுவது என்று அரசன் முடிவு செய்தான்.

வேலை அனந்தகீர்த்தியிடம் போயிற்று. நகர் அமைப்பு அவர் பொறுப்பு. அமைச்சர் ஏகநாதரைக் கண்டால் அவருக்கு ஆகாது. அரசனுக்கு வண்ணங்கள் என்றால் உயிர் என்று தெரிந்துவைத்திருந்த அனந்தகீர்த்தி, அரண்மனை முற்றத்தில் கோலப்பொடியாலேயே புறநகரை வரைந்து காட்டினார். வீடுகளுக்கு மஞ்சள், கடைகளுக்கு நீலம், பூங்காக்களுக்குப் பச்சை. அரசன் ஊஞ்சலில் ஆடிக்கொண்டே பார்த்தான்.

"ஓய், அந்த மூலையில் மட்டும் எதற்குச் சாம்பல் நிறம்?"

"அது பள்ளக்கரை, அரசே. சாயம் காய்ச்சுகிறவர்கள் குடியிருக்கும் இடம். புறநகரின் கழிவுநீர் முழுவதும் அங்கே போய்ச் சேரும்படி வாய்க்கால் போட்டிருக்கிறேன்."

எந்தத் திட்டமானாலும் ஜனங்களின் ஆட்சேபணையைக் கேட்பது அந்த நாட்டு வழக்கம். பேச வந்தவர் முன்னால் ஒரு தட்டில் கற்பூரம் ஏற்றுவார்கள். அது எரியும் மட்டும் பேசலாம். கற்பூரத்தின் அளவைத் திட்டம் போட்டவரே தீர்மானிப்பார். அன்றைக்கு அனந்தகீர்த்தி மிளகளவு வைத்தார்.

பள்ளக்கரைக்காகக் காத்தாயி வந்து நின்றாள். சாயம் ஏறி அவள் கைகள் முழங்கை வரை நீலமாக இருந்தன.

"சாமி, எங்களுக்கு இருக்கிறது ஒத்தைக் கிணறு. நீங்க வெட்டப்போற வாய்க்கா நேரா அது மேலதான் வருது. அந்தத் தண்ணியும் கெட்டுப்போனா புள்ளைங்களுக்கு..."

கற்பூரம் அணைந்தது.

"ஆட்சேபணை இல்லை!" என்றார் அனந்தகீர்த்தி.

ஏகநாதர் எழுந்தார். "அந்த அம்மாள் இன்னும் பேசி முடிக்கவில்லையே."

"கற்பூரம் முடிந்துவிட்டதே, அமைச்சரே! அவர்களுக்கு என்ன குறை? காற்றோட்டமான இடம். தண்ணீர் தானாகத் தேடி வரப்போகிறது. சொர்க்கத்தில் இருக்கிற மாதிரி இருக்கிறார்கள்."

அரசனுக்குச் சண்டை பார்ப்பதில் ஆசை. ஊஞ்சலை நிறுத்தினான். "ஏகநாதரே, ஒரு பந்தயம். பள்ளக்கரை மனுஷர் குடியிருக்க லாயக்கில்லாத இடம் என்று அனந்தகீர்த்தியின் வாயாலேயே சொல்ல வையும். வாய்க்காலைத் திருப்பிவிடுகிறேன். புதுக் கிணறும் வெட்டித் தருகிறேன். முடியாவிட்டால் உமது பதவி அவருக்கு."

அனந்தகீர்த்தி மீசையைத் தடவிக்கொண்டார். இந்த ஜென்மத்தில் அந்த வார்த்தை தன் வாயில் வராது என்று அவருக்கு அத்தனை நம்பிக்கை.

ஏகநாதர் கோலத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து கைகூப்பினார். "அரசே, தோற்றாலும் பரவாயில்லை. இப்படி ஒரு புறநகரை வரைந்தவருக்கு நாம் இன்னும் சன்மானமே தரவில்லை. அவருக்கு ஒரு மனை கொடுங்கள். மஞ்சளில் கொடுத்தால் மற்றவர்களோடு சேர்த்த மாதிரி ஆகிவிடும். சொர்க்கம் என்று எதை அவர் வாயாரச் சொன்னாரோ, அங்கேயே கொடுங்கள். குடும்பத்தோடு நாளைக்கே குடியேறட்டும்."

"ஆகா! கொடுத்தேன்!" என்றான் அரசன்.

அனந்தகீர்த்தியின் முகம் வெளிறியது. "அரசே, அடியேனுக்கு வீடு இருக்கிறதே..."

"இருந்தால் என்ன? காற்றோட்டம் என்றீரே?"

"காற்று வரும், அரசே. நாற்றமும் சேர்ந்து வருமே."

"தண்ணீர் தேடி வரும் என்றீரே?"

"சாக்கடையைக் குடிக்கவா முடியும்? என் பேரன் கைக்குழந்தை, அரசே! அங்கே மனுஷன் இருப்பானா?"

 சபை சிரித்த சிரிப்பில் ஊஞ்சல் சங்கிலியே குலுங்கியது.

"ஜெயித்தீர், ஏகநாதரே!" என்றான் அரசன். "உமக்கு முத்துமாலை, ஒரு மனை. இடம் நானே பார்த்துக் கொடுக்கிறேன். அனந்தகீர்த்தி, உமக்குத் தண்டனை. பள்ளக்கரையிலேயே போய் இரும்!"

அரசன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். வாய்க்காலைத் தெற்கே பாறைக் கரட்டுப்பக்கம் திருப்பினார்கள். பள்ளக்கரையில் புதுக் கிணறு வெட்டினார்கள். அதில் தண்ணீர் ஊறிய அன்றிரவு காத்தாயியின் ஜனங்கள் பொங்கல் வைத்து அமைச்சர் பேரைச் சொல்லிக் குலவையிட்டார்கள்.

ஆனால் பெரிய மனிதர் குடிவந்த இடத்துக்குப் பல்லக்கு போக வேண்டும். அதற்குச் சாலை வந்தது. சாலைக்கு நிழல் வேண்டும் என்று மரங்கள் வந்தன. நல்ல தண்ணீர், நிழல் என்று கேள்விப்பட்டுத் தளபதி ஒரு மனை கேட்டார். பண்டாரக் காப்பாளர் இரண்டு கேட்டார். அமைச்சருக்குச் சொன்ன மனையையும் அரசன் அங்கேயே அளந்துகொடுத்தான். பிறகு சாயக் கொப்பரைகளின் நெடி எல்லாருக்கும் தலைவலி கொடுக்க ஆரம்பித்தது.

அனந்தகீர்த்தி மறுபடியும் முற்றத்தில் கோலப்பொடி தூவினார். பள்ளக்கரை மஞ்சளாயிற்று. கரட்டுப்பக்கம் சாம்பலாயிற்று. கற்பூரம் ஏற்றினார்கள். ஏகநாதரும் சபையில் இருந்தார். அவர் எழுந்திருக்கவில்லை. கற்பூரம் அணைந்தது.

சாயக்காரர்கள் கரட்டுக்குப் புறப்படுகிற அன்று, தலையில் கொப்பரையோடு காத்தாயி அமைச்சர் வீட்டு வாசலில் நின்றாள்.

"அன்றைக்கு நாம் ஜெயித்தோமே, காத்தாயி" என்றார் ஏகநாதர், மெதுவாக.

"நீங்க ஜெயிச்சீங்க சாமி. உங்களுக்குக் கெடச்சது பரிசு, அவருக்குக் கெடச்சது தண்டனை. ரெண்டும் அடுத்தடுத்த வீடா இருக்கு. எங்களுக்குக் கெடச்சது எதுன்னு நீங்களே சொல்லுங்க."

ஏகநாதர் முத்துமாலையை மேல்துண்டுக்குள் தள்ளிக்கொண்டார்.

"கரட்டுல தண்ணி எப்படியோ தெரியல. போறதுக்கு முன்னால ஒரு வாய் குடிச்சுக்கட்டுமா?" என்று கேட்டாள். அவர்களுக்கென்று வெட்டிய கிணறு இப்போது அமைச்சரின் மதிலுக்குள் இருந்தது.

சேந்தன்புரியில் இன்றும் இந்தக் கதையை அமைச்சரின் சாமர்த்தியத்துக்காகச் சொல்வார்கள். சபை சிரித்த இடத்தோடு நிறுத்திக்கொள்வார்கள்.