பாய்முதுகியின் நிழல்

அந்தக் காலத்தில், மனுஷன் என்று ஒருத்தன் வருவதற்கு வெகு முன்னால், எல்லா உயிரும் பேசின. சொந்தமாகச் சூடு மட்டும் எதற்கும் கிடையாது. விடிகிறபோது உடம்பு விறைத்துக் கிடக்கும். சூரியன் வந்து தொட்டால்தான் கால் அசையும். அதனால் எல்லாம் ஆற்றோரப் பாறையில்தான் படுக்கும், அதுவும் இனம் இனமாக. ஓணான்களுக்கு மேல்பாறை, தவளைகளுக்கு ஈரத்துப் பக்கம்.

பாய்முதுகிக்கு மட்டும் இடம் இல்லை. பார்த்தால் ஓணான் சாயல்தான். ஆனால் முதுகில் வரிசையாக நெட்டை நெட்டையாய் எலும்பு, அதன்மேல் இழுத்துக் கட்டிய தோல், படகில் பாய் விரித்த மாதிரி. பல்லும் ஒரே அளவில் இல்லை.

"நீ எங்க வகையா?" என்று கேட்டது மூத்த ஓணான்.

"தெரியலையே, அண்ணே."

"அப்ப யார் வகை?"

"அதுவும் தெரியல."

"சரி, ஓரமா நில்லு."

ஓரமாகவே நின்றாள். அவ்வளவு பெரிய பாயில் வெயில் பட்டதும் அவள்தான் முதலில் சூடாவாள், அதில் குறை இல்லை. குறை பிள்ளையில். முட்டையிலிருந்து முதலில் வந்த இரண்டும் பட்டப்பகலில் விறைத்துச் செத்துப்போயின. இப்போது மூன்றாவதும் விறைக்க ஆரம்பித்துவிட்டது.

"வெயில் கொளுத்துது. நான் பக்கத்தை விட்டு நகரல. அப்புறம் ஏன் இப்படி ஆகுது?"

கண்டவரை எல்லாம் கேட்டாள். தவளை தண்ணீரில் முக்கச் சொன்னது. முக்கினாள், இன்னும் விறைத்தது. தட்டான் சேற்றைப் பூசச் சொன்னது. பூசினாள். சிரிக்காதீர்கள், பிள்ளை கண்முன்னால் சாகும்போது யாருக்குப் புத்தி வேலை செய்யும்?

கடைசியில் மூத்த ஓணானைக் கெஞ்சி வரவழைத்தாள். அது வானத்தைப் பார்த்தது, பிள்ளையைப் பார்த்தது, தரையைப் பார்த்தது.

"ஏம்மா, உன் பிள்ளை எங்கே நிக்குது?"

"என் பக்கத்துல."

"உன் நிழல்ல."

குனிந்து பார்த்தாள். அவளுடைய பாயின் நிழல் தரையில் அகலமாக விழுந்திருந்தது. நடுவில் பிள்ளை. அவள் விலகினாள், அதுவும் தள்ளாடிக்கொண்டு பின்னாலேயே வந்தது. "கிட்ட வராதே!" என்று கத்தினாள். தாயிடம் வராமல் அது வேறு எங்கே போகும்? முதல் இரண்டும் இதே நிழலில்தான் போயின என்பது அப்போதுதான் உறைத்தது.

"நான் நின்னா குளிர்ல சாகும். விட்டுட்டுப் போனா எவனாவது தின்னுடுவான். நான் என்னதான் செய்ய, அண்ணே?"

ஓணான் அவள் முதுகுப் பாயை அண்ணாந்து பார்த்தது.

பாய்முதுகி திரும்பி, முதுகைப் பாறை விளிம்பில் ஓங்கி மோதினாள். ஓர் எலும்பு முறிந்தது. மறுபடி மோதினாள்.

"பைத்தியமே, நாளைக்கு நீ எப்படிச் சூடாவே?"

"தெரியல, அண்ணே."

கடைசி எலும்பும் ஒடிந்து தோல் சரிந்தபோது பிள்ளைமேல் வெயில் விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து அது வாலை அசைத்தது. அவள் அழுதாள்.

பொழுது சாய்ந்ததும் பிள்ளையைச் சுற்றி வளைந்து படுத்தாள். நாளைக்கு நாம் எழுந்திருக்க மாட்டோம் என்றுதான் நினைத்தாள். விடிந்தது. ஒரே மேகம், தூறல். பாறையில் எல்லாம் விறைத்துக் கிடக்க, இவள் மட்டும் கதகதப்பாக விழித்தாள். முந்தின நாள் வாங்கிய சூடு வெளியேறப் பாய் இல்லாமல் உள்ளேயே தங்கிவிட்டது. எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள், அவளுக்கே புரியவில்லை. கிழிந்த தோல் இழை இழையாகப் பிரிந்து மேலெல்லாம் படர்ந்திருந்தது.

"அம்மா, சூரியன் எங்கே?" என்றது பிள்ளை, அவள் வயிற்றில் ஒட்டிக்கொண்டு.

"தெரியலடா. உள்ளே வந்துட்டான் போல."

மத்தியானம் வெயில் வந்தபிறகு ஓணான் கண்ணைத் திறந்தது. "வெயிலே இல்லாம நடக்கிறியே! இப்பவாவது சொல்லு, நீ யார் வகை?"

"இப்பவும் தெரியல, அண்ணே," என்று சொல்லிவிட்டுப் பிள்ளையோடு காட்டுக்குள் போனாள்.

அவளுக்குத் தெரியாவிட்டால் என்ன, எனக்குத் தெரியும். அவள் நம்ம வகை. எலி, பசு, நீங்கள், நான் எல்லாம் அவள் வழி. அன்று முதல்தான் நம் ரத்தத்தில் சூடு, தோலில் மயிர். குளிரிலும் பயத்திலும் முதுகு மயிர் குத்திட்டு நிற்கிறதே, அது உடம்பு பாயை விரிக்கப் பார்ப்பது. பிள்ளைக்காக அதை அவள் உடைத்துப் போட்ட சேதி உடம்புக்கு இன்னும் எட்டவில்லை.